வெளிநாட்டு ஊழியத்துக்குச் சபை அனுப்பும் பணம்: கணக்குக் கேட்கலாமா?

பின்னால் படிக்க வருபவர்களுக்காக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஓர் ஆங்கிலிக்கன் சபையின் மிஷன் கமிட்டியில் உங்களைப் போட்டிருக்கிறார்கள். வருடத்துக்கு 9,000 பவுண்டு வெளிநாட்டு ஊழியங்களுக்கும் (கிறிஸ்தவ சமயப் பணிகளுக்கும்) நிவாரணத்துக்கும் போகிறது, அதைப் பதினான்கு இடங்களுக்குப் பிரிக்கிறார்கள். முதல் கூட்டத்தில் நீங்கள் கணக்குக் கேட்டதும் பெரியவர் ஒருவருக்கு முகம் சிவந்துவிட்டது, "இது விசுவாசத்தில் கொடுக்கிற பணம்" என்று பேச்சை முடித்துவிட்டார். கூடவே, தென்காசிப் பக்கம் உங்களுக்குத் தெரிந்த ஊழியர் ஒருவருக்கும் இதிலிருந்து அனுப்பச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாலைந்து கேள்வி மாதிரி இருந்தாலும் அடியில் ஒன்றுதான் இருக்கிறது: கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருப்பவரிடம் பணம் கொடுக்கும்போது எவ்வளவு நம்புவது, எவ்வளவு கேட்பது.

நான் பாளையங்கோட்டைக்காரன். இங்கிலாந்துக்கு வந்து 26 வருடம் ஆகிறது. தொழில் தணிக்கை, பெரும்பாலும் அறநிறுவனங்களின் கணக்குகள். எங்கள் பாரிஷில் (உள்ளூர்ச் சபையில்) முதலில் மிஷன் கமிட்டியில் இருந்தேன், அப்புறம் 11 வருடம் பொருளாளர். அதனால் பணமும் சட்டமும் பற்றி நான் சொல்வதை ஓரளவு உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். எந்த ஊழியம் நல்லது, எது வீண் என்று சொல்லுமிடத்தில் நானும் உங்களைப் போல ஒரு சபையார்தான்.

தென்காசி ஊழியர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், இதற்குத்தான் கறாரான பதில் இருக்கிறது. கூடாது. உங்கள் சபையின் பணம் இந்தியச் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டுப் பங்களிப்பு. 2010-ஆம் வருட எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறை) சட்டப்படி, மத, கல்வி, சமூகப் பணிக்காக அப்படி வரும் பணத்தை வாங்க உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். ஊழியருடைய சொந்த சேமிப்புக் கணக்குக்கு 300 பவுண்டு போனாலும் இதே கதைதான். மாட்டினால் இங்கே உங்கள் கமிட்டிக்கு வெறும் சங்கடம், அங்கே அவருக்கு வழக்கு. "சின்னத் தொகைதானே, யார் பார்க்கப் போகிறார்கள்" என்று சொல்பவர்கள் பொதுவாக அந்த வழக்கு வாசலில் நிற்கப் போகிறவர்கள் இல்லை.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. நீங்கள் இன்னும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தால், உங்கள் சொந்தச் சம்பளச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியாகக் கொடுப்பது வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படாது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கி, இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர் கொடுத்தால் அது வெளிநாட்டுப் பணம். நெருங்கிய உறவினருக்குத் தருவதற்கு விலக்கு இருக்கிறது, ஆனால் சட்டத்தின் உறவினர் பட்டியல் நம் கல்யாணப் பத்திரிகை அளவுக்கு நீளமானது இல்லை. ஒன்றுவிட்ட அண்ணன் அதில் வரமாட்டார்.

சரி, முறையான வழி எது? அந்த ஊழியர் ஒரு டயோசிஸின் (பிஷப்பின் பொறுப்பிலுள்ள திருமண்டலத்தின்) கீழோ பதிவுள்ள மிஷனெரி சங்கத்தின் கீழோ வேலை செய்தால், அந்த அமைப்புக்கு அனுப்பலாம். 2020-இல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து இப்படி வரும் பணம் எல்லாம் முதலில் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் விழ வேண்டும். நிர்வாகச் செலவுக்கு முன்பு பாதிவரை எடுக்கலாம் என்று இருந்தது, இப்போது 20 சதவீதம்தான். முக்கியமாக, பணத்தை வாங்கிய அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது. "நாங்கள் வாங்கி உங்கள் ஆளுக்குத் தந்துவிடுகிறோம், பத்து சதவீதம் எங்களுக்கு" என்று எவராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த வேலை அந்த அமைப்பின் சொந்த வேலையாக, அந்த ஊழியர் அவர்களுடைய ஆளாக இருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். பதிவு ஐந்து வருடத்துக்குத்தான், அதனால் தேதியையும் பாருங்கள். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன, ஒவ்வொரு முறை அனுப்பும் முன்பும் அவர்களுடைய ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இனி உங்கள் பக்கத்துச் சட்டம். முகம் சிவந்த பெரியவருக்கான பதில் இதில்தான் இருக்கிறது. மிஷன் கமிட்டி பரிந்துரை செய்யும், முடிவு எடுப்பது பி.சி.சி., அதாவது பாரிஷின் நிர்வாகக் குழு. அதன் உறுப்பினர்கள் எல்லோரும் சட்டப்படி அறங்காவலர்கள். வெளிநாட்டு அமைப்புக்குக் கொடுக்கும்போது, பணம் அறப்பணிக்குத்தான் போகிறது என்று உறுதிசெய்ய நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும் என்று வரித்துறை எதிர்பார்க்கிறது. எடுக்கவில்லை என்றால் அந்தச் செலவுக்கு வரிச்சலுகை போய்விடலாம். கிஃப்ட் எய்ட் என்ற வரித்திட்டம் வழியாகக் காணிக்கையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் வாங்குகிறோம் அல்லவா, அதில் ஊராருடைய வரியும் கலந்திருக்கிறது. பவுலே எருசலேமின் ஏழைகளுக்காக மக்கெதோனியாவிலும் கொரிந்துவிலும் திரட்டிய பணத்தைத் தனியாகக் கொண்டுபோகவில்லை. யாரும் குறைசொல்ல இடம் இருக்கக் கூடாது என்று கூட ஆட்களை அனுப்பினார், பைபிளில் இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. பெரியவரிடம் வரித்துறையைவிட இது எடுபடும்.

அப்புறம் ஒரு சங்கதி. எதற்காக என்று சொல்லி வாங்கினோமோ அதற்குத்தான் செலவழிக்க வேண்டும். எங்கள் பாரிஷில் ஒரு வருடம் கேக் விற்று, நடைபயணம் போய், ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றில் ஆழ்குழாய்க் கிணறு போட 3,200 பவுண்டு சேர்த்தோம். பணம் தயாரான பிறகு அங்கிருந்து கடிதம்: அரசாங்கமே அங்கே ஒரு கிணறு போட்டுவிட்டது. நல்ல செய்திதான். ஆனால் அந்தப் பணம் நான்கு வருடம் எங்கள் கணக்கில் அசையாமல் கிடந்தது. கொடுத்தவர்களைத் தேடித்தேடிச் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது, அதில் இரண்டு பேர் இறந்தே போயிருந்தார்கள். அதன்பிறகு எங்கள் ஒவ்வொரு காணிக்கை உறையிலும் ஒரு வரி அச்சடிக்கிறோம்: திட்டம் நின்றாலோ பணம் மிஞ்சினாலோ பொது மிஷன் நிதிக்குப் போகும். உங்கள் உறையில் அந்த வரி இல்லை என்றால் முதல் வேலையாக அதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

பதினான்கு இடம் என்பதற்கு வருகிறேன். 9,000-ஐப் பதினான்கால் வகுத்தால் ஆளுக்கு 640 பவுண்டு சொச்சம். இப்படி ஆவது யாருடைய தப்பும் இல்லை. ஒவ்வொரு விகாரும் (சபைக் குருவும்) ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போயிருப்பார், ஒவ்வொரு பெரியம்மாவுக்கும் மனதுக்குப் பிடித்த ஒரு மிஷன் இருக்கும், எதையும் நிறுத்த எவருக்கும் மனம் வராது. பெரிய சங்கத்துக்கு 640 பவுண்டு கடலில் கரைத்த பெருங்காயம். சின்ன ஊழியத்துக்கு அது பெரிய தொகைதான், ஆனால் அனுப்பும் பக்கமும் வாங்கும் பக்கமும் வங்கிகள் கை வைக்கும். இதைவிடப் பெரிய நஷ்டம், பதினான்கு கடிதங்களை எந்தக் கமிட்டியும் படிப்பதில்லை. என் கருத்தில் ஐந்து போதும். ஐந்து இடத்துக்கு, வருடத்துக்கு 1,800 வீதம், மூன்று வருடத்துக்கு உறுதி என்று சொல்லிவிடுங்கள். அங்கே ஒரு நர்ஸுக்கோ ஆசிரியருக்கோ மாதச் சம்பளம் போட்டு வைத்திருப்பவருக்கு அடுத்த வருடமும் வரும் என்ற உறுதிதான் தேவை. நிறுத்துவதாக இருந்தால் ஒரு வருடம் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். சில கமிட்டிகள் பதினைந்து, இருபது என்று வைத்துக்கொண்டு சபையாரின் ஆர்வத்தைத் தக்கவைக்கிறார்கள், அதையும் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு அது சரிப்படவில்லை.

எப்படிக் கேட்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஒரு நர்ஸும் ஒரு கிளார்க்கும் இருக்கிற மருத்துவமனைக்கு ஆறு பக்கப் படிவத்தை அனுப்பினால் அவர்கள் நோயாளியைப் பார்ப்பார்களா, படிவத்தைப் பார்ப்பார்களா? எங்களுக்குக் கிழக்கு ஆப்பிரிக்காவில் அப்படி ஒரு சின்ன மிஷன் மருத்துவமனையோடு தொடர்பு. தடுப்பூசி வைக்கும் சோலார் குளிர்பெட்டிக்குப் பேட்டரி வாங்கப் பணம் அனுப்பியிருந்தோம். எட்டு மாதம் கழித்து அங்குள்ள மேட்ரனிடமிருந்து (தலைமை நர்ஸிடமிருந்து) கோடு போட்ட தாளில் இரண்டு பக்கக் கடிதம் வந்தது. பேட்டரி வாங்கவில்லை. மழையில் ரோடு அறுந்து, பிரசவக் கேஸ்களைச் சுற்றுவழியாக ஏற்றிப்போக டீசலுக்குச் செலவாகிவிட்டது. கேட்காமல் செய்தது தப்பு, மீதி இவ்வளவு, என்ன செய்யட்டும் என்று எழுதி, டீசல் ரசீதுகளைக் குண்டூசியால் குத்தி அனுப்பியிருந்தார். ஈரத்தில் மை ஊறி ரசீதுகளில் பாதி எண்கள் தெரியவில்லை. கமிட்டியில் ஒருவர், இவர்களை நிறுத்திவிடலாம் என்றார். நான் அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் உரக்கவே பேசினேன். உங்கள் பட்டியலில் மற்ற இடங்களிலிருந்து வந்த அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள், எல்லாவற்றிலும் எல்லாம் நன்றாக நடந்திருக்கும், எல்லாப் படத்திலும் பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில்தான் சந்தேகம் வரும். மேட்ரனுக்குப் பேட்டரிக்கு மறுபடியும் அனுப்பினோம், இந்த முறை டீசலுக்கென்று தனியாக ஒரு தொகையும் சேர்த்து.

எனவே நான் கேட்பது மூன்றே. போன பணம் எதற்குச் செலவானது, தணிக்கை செய்த கணக்கு இருக்கிறதா, இந்த வருடம் எது நடக்கவில்லை. மூன்றாவதற்கு வரும் பதில்தான் எனக்கு முக்கியம். பணத்தை எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டுமா, அந்த இரண்டு பேரும் புருஷன் பெண்சாதியா என்பதையும் விசாரித்துக்கொள்வேன். சிரிப்பாக இருக்கும், ஆனால் குடும்பமே டிரஸ்டாக இருப்பதை எத்தனையோ முறை பார்த்தாயிற்று.

கேட்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது, அது பாளையங்கோட்டைக்காரனுக்குப் பாடப்புத்தகம் இல்லாமலே தெரியும். சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷனெரி சங்கம் அனுப்பிய மிஷனெரி ரேனியஸ் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். ஊர் ஊராகச் சபைகள் பெருகின. தன்னோடு இருந்த உபதேசிமார்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பது எப்படி என்பதில் அவருக்கும் சங்கத்துக்கும் பிணக்கு, அவர் லுத்தரன் முறைக்காரர், அவர்கள் ஆங்கிலிக்கன். ஆங்கிலிக்கன் சபையை விமர்சித்தும் அவர் எழுதிவிட்டார். 1835-இல் உறவு முறிந்தது, திருநெல்வேலிச் சபைகள் இரண்டு பக்கமாகப் பிரிந்தன. 1838-இல் அவர் இறந்த பிறகுதான் ஒன்றுசேர்ந்தன. லண்டனில் கூடிய கமிட்டிக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை, தங்கள் சட்டதிட்டப்படிதான் நடந்தார்கள். ஆனால் கப்பலில் மாதக்கணக்கில் போய்வரும் கடிதங்களை வைத்து முடிவெடுத்தார்கள், அதன் பலனை அனுபவித்தவர்கள் பனங்காட்டு ஊர்களில் இருந்தவர்கள். அங்கே யாரைப் பாஸ்டராக்க வேண்டும், ஆராதனை எப்படி நடக்க வேண்டும் என்றெல்லாம் உங்கள் கமிட்டியில் பேச்சு எடுக்கும்போது இந்தக் கதையைச் சொல்லுங்கள். செலவுக் கணக்கு உங்கள் பொறுப்பு, சபையை நடத்துவது அவர்கள் பொறுப்பு. வாங்கிய ஊரே பிற்பாடு கொடுக்கவும் செய்தது என்பதும் இதோடு சேர்ந்த கதை. 1903-இல், பிற்பாடு பிஷப்பான அசரியாவும் மற்றவர்களும் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, நம் மக்களின் காணிக்கையிலேயே தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். சமையலுக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைக்கிற பிடியரிசிக் காணிக்கை நம் சபைப் பெண்களுக்குப் பழக்கமானது. அதில் எத்தனை வீட்டுப் பசி இருந்தது என்று நினைத்தால், 640 பவுண்டை யாருக்கோ அனுப்பிவிட்டு மறந்துபோக மனம் வராது.

நிவாரணம் வேறு பை. தயவுசெய்து இதையும் மிஷன் பணத்தையும் கலக்காதீர்கள். 1994-இல் செஞ்சிலுவைச் சங்கமும் நிவாரண அமைப்புகளும் சேர்ந்து வகுத்த நடத்தைவிதி, உதவியை மதக் கருத்தையோ அரசியல் கருத்தையோ பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. 1876–78 பஞ்சத்தின்போது எங்கள் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் வேதத்தில் சேர்ந்தார்கள், அதாவது கிறிஸ்தவர்களானார்கள். கஞ்சிக்காகப் போனவர்கள் என்ற பேச்சை அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் கேட்க வேண்டியிருந்தது. பசியோடு நிற்பவரிடம் வேறு எதையும் நீட்டாமல் இருப்பது அவருடைய விசுவாசத்துக்கும் மரியாதை.

பெரிய பேரிடர் வந்தால் கமிட்டிக்கு என் ஆலோசனை சுருக்கமானது: பணம் அனுப்புங்கள், பொருள் வேண்டாம், புது அமைப்பு வேண்டாம். இங்கே நிவாரண அமைப்புகள் சேர்ந்து பணம் திரட்டும் டி.இ.சி. என்ற கூட்டமைப்பு 1963-இலிருந்து இருக்கிறது. கிறிஸ்டியன் எய்ட், டியர்ஃபண்ட், காஃபாட் என்ற கிறிஸ்தவ அமைப்புகள் மூன்றும் அதில் உண்டு. 2004 சுனாமிக்கு மட்டும் டி.இ.சி. 392 மில்லியன் பவுண்டு திரட்டியது. அந்தச் சுனாமிக்குப் பிறகு ஜனவரியில் லீவு போட்டு நாகப்பட்டினம் போயிருந்தேன். தமிழ்நாட்டில் இறந்த ஏறக்குறைய 8,000 பேரில் 6,000 பேர் அந்த ஒரு மாவட்டத்தில். சாலையோரமெல்லாம் பழந்துணிக் குவியல். பெரும்பாலும் நம் நாட்டு ஊர்களிலிருந்தே லாரி லாரியாக வந்தவை. கம்பளிச் சட்டை, பித்தான் போன கோட்டு, ஒற்றைக்கால் செருப்பு. மீனவப் பெண்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஆடு ஒன்று ஒரு கைக்குழந்தைச் சட்டையை மென்றுகொண்டு நின்றது. துணியை அகற்றவே தனியாக ஆள் போட வேண்டியிருந்தது. அடுத்து படகு. தொலைந்ததைவிட அதிகமான ஃபைபர் படகுகளை நன்கொடை அமைப்புகள் போட்டிபோட்டுக் கொடுத்தன, படகில் பெயர் எழுதிப் படம் எடுக்க வசதி. வலையை உலர்த்திய, கருவாடு விற்ற பெண்களுக்கு என்ன போச்சு என்று கேட்டவர்கள் குறைவு. இதெல்லாம் நல்ல மனதோடுதான் நடந்தது.

இதுவரை சொன்னவற்றில் சட்டம் நிச்சயமானது, மற்றவை அனுபவம். இனி வருவது எனக்கே இரண்டு மனதாக இருப்பவை. பிள்ளைகளுக்கு மாதாமாதம் ஸ்பான்சர் செய்யும் திட்டத்தைப் பல வருடம் விளம்பரம் என்றே நினைத்தேன். கம்பாஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பின் ஸ்பான்சர் திட்டத்தை ஆறு நாடுகளில் ஆராய்ந்து 2013-இல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு, அந்தப் பிள்ளைகள் சராசரியாக ஒரு வருடத்துக்கு மேல் கூடுதலாகப் படித்ததைக் காட்டியது. அது என்னை யோசிக்க வைத்தது. ஆனால் இன்னொரு பக்கம், இந்தியாவுக்குப் பணம் அனுப்ப முன் அனுமதி கிடைக்காமல் அதே அமைப்பு 2017 மார்ச்சில் இந்தியாவை விட்டே போக வேண்டியதாயிற்று. ஒரு லட்சத்துக்கும் மேலான பிள்ளைகளுக்கு உதவி நின்றது, எங்கள் சபையில் ஏழு குடும்பங்கள் சுவரில் ஒட்டியிருந்த பிள்ளையின் படத்தை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றன. தனிப்பிள்ளையோடு பந்தம் வைப்பதில் இப்படி ஒரு வலி இருக்கிறது. அனாதை இல்லங்களில் எனக்குத் தயக்கம் அதிகம். பல நாடுகளில் அங்கே இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள், கட்டடத்துக்குப் போகும் பணத்தில் பாதியிருந்தால் பிள்ளை வீட்டிலேயே இருந்திருக்கும். 2010-இல் ஹெய்ட்டி பூகம்பத்துக்குப் பிறகு அமெரிக்க பாப்டிஸ்ட் சபைக்காரர்கள் பத்துப் பேர் 33 பிள்ளைகளை எல்லை தாண்டிக் கொண்டுபோகப் பார்த்துக் கைதானார்கள், அந்தப் பிள்ளைகளில் பலருக்கும் பெற்றோர் இருந்தார்கள். இரண்டு வார மிஷன் டிரிப்? சுவருக்குப் பெயின்ட் அடிக்க 12 பேருக்கு விமானச் செலவு செய்வதைக் கணக்குப் பார்த்தால் தலை சுற்றும். ஆனால் அப்படிப் போய்வந்த ஒரு பெண் பிறகு டாக்டராகி மலாவியில் ஆறு வருடம் இருந்தாள். அதை எந்த வரிசையில் எழுதுவது? நிர்வாகச் செலவு சதவீதத்தை வைத்து மட்டும் அமைப்பை எடைபோடுவதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒழுங்காகக் கணக்கு எழுத ஒரு கிளார்க் வேண்டும், கிளார்க்குக்குச் சம்பளம் வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது கணக்கு என்ற சொல்லை எடுக்காமலே தொடங்கிப் பாருங்கள். பதினான்கு இடங்களிலிருந்தும் கடைசியாக வந்த கடிதங்களைச் செயலாளரிடம் கேட்டு வாங்கி, கூட்டத்துக்கு ஒன்று வீதம் சத்தமாகப் படிக்கலாம் என்று சொல்லுங்கள். எங்கள் கமிட்டியில் அப்படித் தொடங்கியபோது நான்கு இடங்களிலிருந்து கடிதமே இல்லை, ஓரிடத்தில் ஊழியர் மூன்று வருடம் முன்பே ஓய்வு பெற்றிருந்தார், பணம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அதைக் கேட்டதும் எங்கள் பெரியவரே பேனாவை எடுத்தார். தென்காசி நண்பரிடம் இந்த எஃப்.சி.ஆர்.ஏ. விவகாரத்தைப் போனில் சொல்லுங்கள், மெசேஜில் வேண்டாம். கொஞ்சம் வருத்தப்படுவார். அவர் எந்த டயோசிஸில், எந்தச் சேகரத்தில் (டயோசிஸின் உட்பிரிவில்) இருக்கிறார் என்று இங்கே எழுதினால், யாரிடம் என்ன காகிதம் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.